படுவான்கரைச் சேற்றில் ஒரு தோணி

வயல் வட்டைக்குள் இறங்கிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். காட்டோரத்தில் மரவாடியின் அடுப்புப் புகை இன்னும் தெரிந்தது. அதன் பிறகு பார்க்கவில்லை. மாரிப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. வரம்பு முழுவதும் ஈரம். என் இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் இல்லை. வழுக்கினால் எதையும் பிடிக்க முடியாது என்பதால் கைகளைப் பக்கவாட்டில் விரித்து, கால் விரல்களை மண்ணில் ஊன்றி மெல்ல நடந்தேன்.

கை போன விதம் இதுதான். கரடியனாற்றுக்கு மேற்கே காட்டில் மரம் வெட்டி இறக்கும் வாடி ஒன்றில் மூன்று மாதம் வேலை செய்தேன். வெட்டிய முதிரை மரங்களைச் சரிவில் ஓடைப் பக்கமாக இறக்குவார்கள். மரத்தில் கட்டிய கயிற்றை மேலே நிற்கும் அடிக்கட்டை ஒன்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை ஒருவன் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். இரண்டு சுற்று இருந்தால் பத்துப் பேர் தூக்க முடியாத மரத்தை ஒருவன் பிடித்து நிறுத்தலாம். பிடிப்பது அவனல்ல, கட்டையும் கயிறும் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்கின்றன. சுற்றுக்குச் சுற்று பிடி பெருகும். அன்று அவசரத்தில் ஒரு சுற்றுத்தான் போட்டோம். கயிறும் நனைந்திருந்தது. மரம் ஓடியது, கயிறும் என் கைக்குள் ஓடியது. நான் உடனே விட்டிருக்க வேண்டும். விடாமல் பிடித்திருந்தது என் பிழை.

கங்காணி வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறின பிறகு வா என்றார். ஆறும்வரை சோறு உண்டா என்று கேட்டேன். வேலை செய்கிறவனுக்குத்தான் சோறு என்றார். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. அங்கே எல்லாருக்கும் அதே சட்டம். பழைய சாரம் ஒன்றைக் கிழித்து இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்க இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்தது. அந்த வயதுக்குள் வாழைச்சேனையில் மீன் காயவைத்திருக்கிறேன், சித்தாண்டிப் பக்கம் வயல் காவல் இருந்திருக்கிறேன், இன்னும் சில வேலைகள் பார்த்திருக்கிறேன். எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போனால் காத்தான்குடியில் தறிக் கொட்டில்களில் நூல் சுற்றும் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கை இல்லாதவன் நூல் எப்படிச் சுற்றுவான் என்று நான் யோசிக்கவில்லை. நடப்பதற்கு ஒரு திசை வேண்டியிருந்தது.

பொழுது உச்சியைத் தாண்டிய நேரத்தில் வாவிக்கரைத் துறை ஒன்றை அடைந்தேன். துறை இருந்தது, தோணியைக் காணவில்லை. காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவர் தன் மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். மேற்கே படுவான்கரை ஊர்களில் வீடு வீடாகப் புடவை விற்றுவிட்டுத் திரும்புகிறவர். அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். தோணி எங்கே என்று கேட்டேன். அவர் வாவிப் பக்கம் காட்டாமல் எனக்குப் பின்னால் தோட்டப் பக்கம் காட்டினார்.

தோணி அங்கே நின்றது. ஒரு மருத மரத்தில் ஒழுங்காகக் கட்டப்பட்டு, சேற்றின் மேல், தண்ணீரிலிருந்து முப்பது பாகம், நூற்றெண்பது அடி போல, தள்ளி நின்றது. பன்னிரண்டு பேர் ஏறக்கூடிய பலகைத் தோணி.

மட்டக்களப்பு வாவியை அறியாதவர்களுக்கு இது விளங்காது. மாரியில் ஆறுகள் எல்லாம் வாவிக்குள் இறங்கும். கடல் வாசலை மணல் மூடிக் கிடப்பதால் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் முகத்துவாரத்தில் மணலை வெட்டி விடுவார்கள். வெட்டினால் இரண்டு நாளில் வாவி வடிந்துவிடும். வெள்ளம் ஏறி நின்றபோது காற்றுக்கு ஒதுக்கமாக இருக்கட்டும் என்று தோணியைத் தோட்டத்து ஓரம்வரை மிதக்கவிட்டுக் கட்டியிருந்தார்கள். முகத்துவாரம் வெட்டிய செய்தி அந்தத் துறைக்கு வருவதற்கு முன்னரே தண்ணீர் போய்விட்டது.

கட்டியவன் துறைக்கார அக்காவின் தம்பி. துறைக்கார அக்கா என்று நான் சொல்வது அந்தத் தோணிக்கு உரிய பெண்ணை. வீடு, தோட்டம், தோணி எல்லாம் தாயிடமிருந்து அவருக்குச் சீதனமாக வந்தவை. புருஷன் தோணி ஓட்டுவார். அந்த வாரம் அவர் காய்ச்சலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே நடுங்கிக் கிடந்தார். வெளியே அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

"தண்ணி வரும் தண்ணி வரும் எண்டு ரெண்டு நாளாச் சொன்னாய். இப்ப போய் அந்தத் தண்ணியக் கூட்டிக்கொண்டு வாவன்."

 இன்னொரு மழை பெய்தால் வாவி ஏறும், தோணி தானாக மிதக்கும் என்று தம்பிக்காரன் நம்பியிருந்தான். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அன்று காலையில் ஊர் அதிகாரியான விதானையாரின் ஆள் வந்து, மறுநாள் விடிய விதானையார் துறை பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வருடத்துக்கு ஒருமுறை நடப்பது அது. விதானையார் வரும்போது தோணி துறையில் தண்ணீரில் நிற்க வேண்டும். நின்றால் அந்த வருடமும் துறை ஓட்டும் உரிமை அக்காவுக்கு. நிற்காவிட்டால் தெற்கே அடுத்த துறைக்காரனுக்குப் போய்விடும். அவன் அதற்காக மூன்று வருடமாக விதானையாருக்குப் பெரிய மீனாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருக்கிறான் என்று காக்கா எனக்குச் சொன்னார். துறை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியில்லை. வயல் காணி அவர்களுக்கு இல்லை.

அக்கா வட்டையிலிருந்து நாலு பேரைக் கூட்டி வந்திருந்தார். அவர்களோடு தம்பிக்காரன், காக்கா, அக்கா, நான் என்று எட்டுப் பேர். எனக்கு அக்கரை போக வேண்டும். தோணி நகராமல் போக முடியாது. கையைப் பார்த்த அக்கா, இழுக்க ஏலுமா என்று கேட்டார். கயிற்றை நெஞ்சில் போட்டு இழுப்பேன் என்றேன்.

தோணியின் முன்பக்கமான அணியத்தில் கயிற்றைக் கட்டி எட்டுப் பேரும் இழுத்தோம். தோணி அசையவில்லை, அசைந்தது நாங்கள்தான். கால் வைத்த இடமெல்லாம் களிச் சேறு. ஊன்றி இழுக்க இழுக்கக் கால்கள் பின்னோக்கி வழுக்கின. தோணி எங்களிடம் வராமல் நாங்கள் தோணியிடம் போய்க்கொண்டிருந்தோம். நாலு பேரில் ஒருவன் மல்லாந்து விழுந்தான். சிரிக்க யாருக்கும் மனமில்லை. வழுக்க வேண்டிய தோணி பிடித்துக்கொண்டு நின்றது, பிடிக்க வேண்டிய கால் வழுக்கியது.

அப்போது எனக்குப் பள்ளிக்கூடத்து மேசை ஞாபகம் வந்தது. மிசன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் பாதிவரை இருந்தேன். அந்த வருட மாரியில் தகப்பனார் இறந்துபோனார், நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன். விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னர் வாத்தியார் மேசையில் ஒரு மரக்கட்டையை வைத்து, அதில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை மேசை விளிம்பில் ஒரு சிறு கப்பி வழியாகத் தொங்கவிட்டார். அதன் நுனியில் ஒரு தட்டு. தட்டில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒரு கட்டம்வரை கட்டை அசையவே இல்லை. இன்னும் ஒன்று போட்டதும் அசைந்தது. அசைந்த கட்டை மெல்லப் போகாமல் ஓடிப்போய்க் கப்பியில் முட்டியது. இதற்குப் பெயர் உராய்வு என்றார். கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைத்தபோது இரண்டு மடங்கு கொட்டை தேவைப்பட்டது. கட்டையை அகலமான பக்கத்தில் படுக்க வைத்தாலும், ஒடுக்கமான பக்கத்தில் நிறுத்தி வைத்தாலும் கொட்டைகள் எண்ணிக்கை மாறவில்லை. இந்தக் கடைசிச் சங்கதியை வகுப்பில் யாரும் நம்பவில்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை.

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை. தோணியின் அகன்ற அடி முழுவதும் சேற்றில் ஒட்டிக் கிடக்கிறது, ஒரு பக்கமாகச் சரித்து விலாவில் நிறுத்துவோம், ஒட்டும் இடம் குறையும், உராய்வு கூடப் போவதில்லை, புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். புத்தகத்தில் இருக்கிறது என்றதும் தம்பிக்காரன் ஒத்துக்கொண்டான். அவனுக்கு அப்போது தன்னுடையதல்லாத யோசனை எதுவானாலும் நல்லதாகத் தெரிந்தது.

தோணி தள்ளும் தாங்குகோல்களைக் கொடுத்து நெம்பித் தோணியைச் சரித்தோம். விலா சேற்றைத் தொட்டதும் கத்திபோல் உள்ளே இறங்கியது. ஒரு முழம் இறங்கி நின்றது. இழுத்துப் பார்த்தோம். தோணிக்கு முன்னால் சேறு ஒரு வரம்புபோல் எழும்பியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. திரும்ப நிமிர்த்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

அக்கா முகத்தில் தெறித்த சேற்றைப் புறங்கையால் வழித்துக்கொண்டு, என்ன படித்தாய் என்று என்னைக் கேட்டார். ஏழாம் வகுப்பு என்றேன்.

"நல்ல காலம் மனே. எட்டாம் வகுப்புப் படிச்ச ஆள் வந்திருந்தா தோணிய முழுசாத் தாட்டிருப்பார்."

அந்த நாலு பேரும் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்கள்.  எங்கே பிழை விட்டேன் என்று எனக்குப் பிறகுதான் தெளிவாயிற்று. வாத்தியாரின் மேசை மரம். கட்டை எந்தப் பக்கத்தில் நின்றாலும் அது பள்ளமாகாது. சேறு அப்படியல்ல. முழு எடையும் ஒடுக்கமான இடத்தில் ஏறினால் சேறு வழிவிடும், தோணி புதையும். அதன் பிறகு இழுப்பது உராய்வை எதிர்த்து அல்ல, முன்னால் எழும்பி நிற்கும் சேற்றை எதிர்த்து. புத்தகம் சொன்னது பொய்யல்ல. நான் மேசையை விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

அதன் பிறகு யோசனைகள் மற்றவர்களிடமிருந்து வந்தன. அக்கா தோணியில் இருந்ததையெல்லாம் இறக்கச் சொன்னார். மிதி பலகைகள், நங்கூரக் கல், பாய்மரம், அடியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் எல்லாம் வெளியே போயின. இதையே முதலில் செய்திருக்கலாம். எடை குறைந்தால் உராய்வு குறையும் என்பதும் அதே பாடத்தில் இருந்ததுதான். எனக்கு அது ஞாபகம் வரவில்லை, அக்காவுக்குப் பாடம் இல்லாமலே தெரிந்திருந்தது.

காக்கா கொஞ்ச நேரம் எங்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்குக் கீழ மணலப் போடுங்க. தோணிக்குக் கீழ வழுக்கிறத வைங்க. நாம இவ்வளவு நேரமும் மாறிச் செய்யிறம்."

துறை வழியில் வெள்ளை மணல் கிடந்தது. அந்த நாலு பேரும் அதைக் கடகங்களில் அள்ளி வந்து, கயிறு போகும் வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர்வரை ஒரு முழ அகலத்துக்குக் கொட்டினார்கள். அது நடக்கும்போது அக்கா கத்தியோடு தோட்டத்துக்குள் போனார். வாழைகளை வெட்டிக்கொண்டு வந்தார். அவற்றில் மூன்றில் குலை தள்ளியிருந்தது, காய் இன்னும் விரல் அளவுதான். தம்பிக்காரன் அந்த மூன்றையும் விட்டிருக்கலாமே என்றான்.  தண்டுகளை நெடுக்காகப் பிளந்து, ஈரமான உள்பக்கம் மேலே தெரியத் தோணிக்கு முன்னால் குறுக்குக் குறுக்காகப் போட்டோம். வாழைத்தண்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். போதாத இடத்துக்குத் தோணி கடந்து வந்த தண்டுகளைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் போட வேண்டும். அது என் வேலை என்றார் அக்கா. கை வெந்தவனுக்கு வாழைத்தண்டு நல்லதுதான் என்று காக்கா சொன்னார்.

பொழுது மேற்கே பாதி இறங்கியிருந்தபோது மறுபடி இழுத்தோம். மணலில் கால்கள் நின்றன. மூன்று முறை மூச்சுப் பிடித்து இழுத்ததில் ஒன்றும் இல்லை. நாலாவது முறை தோணிக்குக் கீழே சேறு வாயைத் திறந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது, தோணி வந்தது. ஒரு பாகம், இரண்டு பாகம், மூன்று பாகம். இழுத்தவர்களே கயிறு இளகியதில் தடுமாறினார்கள்.

தம்பிக்காரன் இரண்டு கையையும் தூக்கி நிறுத்தச் சொன்னான். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. தரை தட்டிய தோணி முதலில் அசைந்த இடத்தில் இழுப்பை நிறுத்தி, அணியத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும். உடைத்த பிறகுதான் அப்பால் நகர்த்தலாம். புதுத் தோணி இறக்கும்போதும் அப்படித்தான். மணலில் அது செய்யக்கூடிய காரியம். மணல் தோணியை அப்படியே வைத்திருக்கும். இது சேறு.

நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னேன். ஓடும்போது குறைந்த பலம் போதும், நின்றால் மறுபடி முதலிலிருந்து என்றேன். மேசையின் மேல் ஓடிப்போய் முட்டிய கட்டையை நான் கண்ணால் பார்த்தவன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோணியைச் சரித்துப் புதைத்தவனும் நான்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பேரில் ஒருவன், ஏழாம் வகுப்பு வாய் திறக்குது என்றான்.

கற்பூரம் ஈரத்தில் பற்றவில்லை. வீட்டுக்குப் போய் நெருப்புக்கொள்ளி எடுத்து வந்தார்கள். தேங்காய்க்கு இன்னொருமுறை போனார்கள். தேங்காய் நன்றாக, இரண்டு சரி பாதியாக உடைந்தது. தம்பிக்காரனுக்குச் சந்தோசம். அதற்குள் தோணி வாழைத்தண்டுகளைச் சேற்றுக்குள் அமுக்கித் தானும் இறங்கி உட்கார்ந்துவிட்டது.

இழுத்தோம். பலகை எங்கோ முனகியது. மறுபடி இழுத்தோம். அசையவில்லை. சேற்றை அகப்பையால் வழித்து எடுப்பதுபோல் கையாலும் சிரட்டையாலும் அடியைச் சுற்றித் தோண்டி, நெம்பி, அமுங்கிய தண்டுகளை உருவிப் புதிய தண்டு செருகினோம். வெட்ட வாழை இனி இல்லை. வாவியும் அந்த இடைவேளையில் இன்னும் இரண்டு பாகம் பின்வாங்கியிருந்தது. சூரியன் பனைகளின் கழுத்துக்கு வந்துவிட்டது. இருட்டினால் இழுக்க முடியாது. விடிந்தால் விதானையார்.

அக்கா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள்ளிருந்து புருஷன், தோணி இறங்கிற்றா என்று பலவீனமான குரலில் கேட்டது வெளியே கேட்டது.  அக்கா என்னைப் பார்த்து, நிறுத்தாவிட்டால் போகும் என்று நீ நிச்சயமாகச் சொல்கிறாயா என்று கேட்டார். போகும் என்றேன். முன்னர் சொன்னதையும் இப்படித்தான் சொன்னாய் என்றார். ஓம் என்றேன். 

இன்னொருமுறை அசைந்தால் இன்னொரு தேங்காய் உடைக்க வேண்டுமே என்று தம்பிக்காரன் கேட்டான். அக்கா வீட்டுக்குள் போய் ஒரு தேங்காயை எடுத்து வந்து இடுப்பில் சேலைக்குள் செருகிக்கொண்டார்.

"தேங்காய் தண்ணிக்குள்ள போய்த்தான். அவ்வளவு தூரம் சாமிக்கு வர ஏலாட்டி நான் தூக்கிக்கொண்டு வாறன். இனி ஆரும் நிப்பாட்டுற கதை கதைக்கக் கூடா."

அப்படியே இழுத்தோம். ஆறாவது இழுப்பில் தோணி விட்டுக் கொடுத்தது. விட்டதும் யாரும் மூச்சு வாங்கவில்லை. கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் நடந்தார்கள், பிறகு கிட்டத்தட்ட ஓடினார்கள். நான் பின்னால் விட்டுப் போன தண்டுகளை மார்போடு அணைத்து எடுத்து ஓடிப்போய் முன்னால் போட்டேன். பாதி தூரம் போன பிறகு இழுப்பவர்களின் முதுகு வளையவில்லை. அவ்வளவு இலேசாக வந்தது. பத்துப் பாகம், பதினைந்து பாகம். காக்காவின் தொப்பி எங்கோ விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

தண்ணீருக்கு ஐந்து பாகம் இருக்கும்போது சேறு முடிந்தது. வடிந்த வாவி விட்டுப் போன மட்டிச் சிப்பிகள் ஒரு பட்டையாகக் கிடந்தன. என்னிடம் தண்டு இல்லை. கடைசித் தண்டுகள் பத்துப் பாகத்துக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தன. தம்பிக்காரன் சிப்பியைப் பார்த்துவிட்டான். நிறுத்து, அடி கிழிந்துவிடும், தண்டு போட்டுவிட்டு இழுப்போம் என்று கத்தினான். அவன் சொன்னது சரி. நானும் அதைப் பார்த்தேன். நின்றால் மறுபடி நகருமா என்று பார்த்தேன், இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்தேன். நிறுத்தாதே என்று நான் கத்தினேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கயிற்றையும் விடவில்லை.

தோணி சிப்பிகளின் மேல் ஏறி, அரம் போடும் சத்தத்தோடு கடந்து தண்ணீருக்குள் இறங்கியது. இறங்கியதும் சத்தம் நின்றது. இடுப்பளவு தண்ணீரில் எட்டுப் பேரும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா தேங்காயை எடுத்து அணியத்திலேயே அடித்து உடைத்தார். அது கோணலாக உடைந்தது. 

மிதி பலகை போடாததால் அடி தெரிந்தது. இரண்டு பலகைகளின் இடுக்கில் தும்பும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்த இடம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து போயிருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

மறுபடி அடைக்க வேண்டுமானால் தோணியைக் கரையேற்றிக் காயவிட வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. காக்கா தன் மூட்டையைப் பிரித்து விற்காத ஒரு முரட்டுத் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். அதைக் குங்கிலியத்தில் தோய்த்துத் தம்பிக்காரன் உள்ளேயிருந்து இடுக்கில் அடித்து ஏற்றினான். பாதி நின்றது. பாதி வந்துகொண்டே இருந்தது. ஆழமில்லாத இடத்தில் தரையில் தட்டி நிற்கும்படி தோணியைக் கட்டினோம். அதற்குக் கீழே மூழ்க இடமில்லை.

அன்று அக்கா வீட்டில் எல்லாருக்கும் சோறு கொடுத்தார். வெட்டிய குலைகளின் பிஞ்சு வாழைக்காயில் ஒரு கறி இருந்தது. நான் சிப்பி விசயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தியிருந்தால் தோணி இப்போதும் அங்கேதான் நிற்கும் என்று அவரே சொல்லிவிட்டு, கிழிந்ததும் உன்னால்தான் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். காக்கா சாப்பிட்டுவிட்டுத் தொப்பியைத் தேடப் போனார்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னர் அக்கா மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் செய்த வாளி ஒன்றைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். கட்டுத் துணியை அவிழ்க்காமல் வாளியின் கைப்பிடியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு தோணிக்குள் இறங்கினேன். சூரியன் வரும்போது தோணி வெறுமையாகி மிதந்தது. மிதி பலகைகளைப் போட்டு ஈரத்தை மறைத்தோம். பின்பக்கத்தில் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு அந்தக் குழிக்குள் நான் உட்கார்ந்து அள்ளிக்கொண்டிருந்தேன்.

விதானையார் குடையோடு வந்தார். கரையில் நின்று தோணியை ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை பார்த்தார். தோட்டத்திலிருந்து தண்ணீர்வரை கிடந்த மணலையும் நசுங்கிய வாழைகளையும் பார்த்தார். அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"இது ஆர் புதுசா?"

"தண்ணி அள்ள வெச்ச ஆள்," என்றார் அக்கா. "வீட்டில அவருக்குக் காய்ச்சல். ரெண்டு ஆள் வேணும்தானே."

எல்லாத் தோணியிலும் தண்ணீர் வரத்தான் செய்யும் என்று விதானையார் சொன்னார். பிறகு, அக்கரையில் ஒரு காரியம் இருக்கிறது, கொண்டுபோய் விடுங்கள் என்று குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். காக்கா தன் மூட்டையோடு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். தம்பிக்காரன் கோல் ஊன்றினான். நடு வாவியில் விதானையார், இந்த வருடமும் துறை உங்களுக்குத்தான் என்று தம்பிக்காரனிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவன் கோலை ஊன்றுவதை நிறுத்தவில்லை.

எழுவான்கரையில் அவர்கள் இருவரும் இறங்கினார்கள். தறிக் கொட்டிலுக்குப் போகும் வழியைக் காக்கா கைநீட்டிக் காட்டினார். என் காலடியில் தண்ணீர் கணுக்கால்வரை வந்திருந்தது. இரண்டு நேரச் சோறு, படுக்கத் தோணிக் கொட்டில், தோணி காயும் கோடைவரை வேலை என்று அக்கா காலையில் சொல்லியிருந்தார். நான் இறங்கவில்லை. தம்பிக்காரன் தோணியைத் திருப்பினான். நான் வாளியை எடுத்து அள்ளத் தொடங்கினேன்.